ஒரே ஒரு படி

ரொறன்ரோவின் ஸ்காபரோவில் பேர்ச்மவுன்ட் என்றொரு சாலை தெற்கு வடக்காக நீளுகிறது. அதிலிருந்து பிரியும் தெருக்களில் இன்று தமிழ்க் குடும்பங்கள் நிறைய வாழ்கின்றன. தமிழர்கள் பெருந்தொகையாக இங்கே வந்து சேருமுன்னர், 1970இல், பேர்ச்மவுன்ட் என்ற பெயரையே முத்திரையாகக் கொண்டு ஓர் இசைத்தட்டு வெளிவந்தது. வெளியிட்டது குவாலிட்டி ரெக்கோட்ஸ் நிறுவனத்தின் துணைப் பிரிவு. பாடியவர் யமேக்காவிலிருந்து வந்து ரொறன்ரோவில் குடியேறிய வெய்ன் மக்கீ. தட்டு விலைபோகவில்லை; நகரம் அதை மறந்தது. பல ஆண்டுகளின் பின் ஹிப்-ஹொப் இசைக்காரர்கள் அதிலுள்ள மேளத் துண்டுகளைத் தேடத் தொடங்கியபோது, எஞ்சியிருந்த மூலப் படிகள் நூற்றுக்கணக்கான டொலர்களுக்குக் கைமாறின. 2004இல் சியாட்டில் நகர நிறுவனம் ஒன்று அதை மறுபதிப்புச் செய்தது. அரிய தட்டுச் சேகரிப்பவர்கள் கனடாவைப் பற்றிப் பேசினால் அந்தத் தட்டின் பெயர் வராமல் போகாது.

அரியது என்று சேகரிப்பாளர்கள் சொல்வது எண்ணிக்கையை வைத்துத்தான். ஆயிரம் படி அச்சாகி ஐம்பது மிஞ்சியிருந்தால் அது அரியது. அந்தக் கணக்கை ஏற்றுக்கொண்டால், ரொறன்ரோவின் மிக அரிய ஒலிப்பதிவுகள் குயீன் தெருக் கடைகளில் கண்ணாடிக்குப் பின்னால் இல்லை. பேர்ச்மவுன்ட் சாலையை ஒட்டிய வீடுகளின் பேஸ்மன்றில், பழைய சப்பாத்துப் பெட்டிகளுக்குள் இருக்கின்றன. இலங்கையில் ஊர்க் கோயில் திருவிழாவில் யாரோ ஒருவர் மடியில் வைத்துப் பதிந்த நாதஸ்வரக் கச்சேரி, அம்மம்மா பேசி அனுப்பிய குரல் கடிதம், பள்ளிக்கூட மேடையில் போட்ட கூத்து. இவற்றுக்கு மறுபதிப்பு கிடையாது. உலகத்தில் இருப்பது ஒரே ஒரு படி, அதுவும் கசெற்றில். ஒலியைத் தாங்கும் பொருட்களில் தட்டு நின்று பிடிக்கும். நாடா நின்று பிடிக்காது. ஏன் என்பதற்குப் பௌதிகத்திலும் இரசாயனத்திலும் தெளிவான விடை இருக்கிறது.

தட்டிலிருந்து தொடங்குவோம். இசைத்தட்டில் ஒலி என்பது வெறும் வடிவம். பாடகரின் குரல் காற்றை எப்படி அசைத்ததோ அப்படியே தடத்தின் சுவர் நெளிந்திருக்கும். ஊசி அந்த நெளிவைத் தொட்டுக்கொண்டு போகிறது. 12 அங்குல எல்பி ஒன்று நிமிடத்துக்கு 33⅓ முறை சுற்றும்போது, வெளி விளிம்பில் நொடிக்கு ஏறத்தாழ 50 சென்ரிமீற்றர் தடம் ஊசிக்குக் கீழே ஓடுகிறது. உள்ளே முடியும் இடத்தில் அது 20 சென்ரிமீற்றர் அளவுக்குச் சுருங்கிவிடும். ஒரு பக்கத்தின் கடைசிப் பாட்டு முதற் பாட்டைவிடச் சற்று மங்கிக் கேட்பதற்கு இதுவே காரணம். ஒரே ஒலியை எழுத அங்கே இடம் குறைவு. ஒரு பக்கத்துத் தடத்தை நீட்டி அளந்தால் ஏறக்குறைய அரைக் கிலோமீற்றர் வரும்.

எல்பிக்கு முந்திய 78 சுற்றுத் தட்டுகள் அரக்கினால் ஆனவை. இந்தியக் காடுகளில் அரக்குப் பூச்சி மரக்கிளைகளில் சுரக்கும் பிசின்தான் உலகத் தட்டுத் தொழிலுக்கே மூலப்பொருள். அரக்கோடு கற்பொடியும் கரியும் பஞ்சு இழையும் கலந்து சூடாக்கி அழுத்துவார்கள். கற்பொடி வேண்டுமென்றே சேர்க்கப்பட்டது. தட்டு ஓடத் தொடங்கிய சில சுற்றுகளிலேயே எஃகு ஊசியைத் தேய்த்துத் தடத்தின் அளவுக்கு அது கொண்டுவந்துவிடும். அதனால்தான் ஒரு பக்கத்துக்கு ஒரு ஊசி என்று மாற்றினார்கள். மொன்றியலில் எமில் பேர்லினரின் நிறுவனம் 1900ஐ ஒட்டிய ஆண்டுகளில் தட்டு அச்சிடத் தொடங்கியது. கனடாவின் அரக்குத் தட்டுகளிலும் வங்காளத்துப் பக்கத்து மரங்களின் பிசின் கலந்திருந்தது. பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிடம் சொச்சம்தான் ஓடும். கச்சேரியில் முக்கால் மணி நேரம் விரியும் இராகத்தை நம் வித்துவான்கள் அந்த மூன்று நிமிடத்துக்குள் அடக்கிப் பாடினார்கள்.

அரக்குத் தட்டு வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. வினைல் தட்டைத் துடைக்க விற்கும் திரவங்கள் பலவற்றில் அல்ககோல் உண்டு. அரக்கு அல்ககோலில் கரையும். நூறாண்டு தப்பிப் பிழைத்த தட்டை ஒரே துடைப்பில் பாழாக்கிவிடலாம். எல்பி ஊசியாலும் அதை ஓட்டக் கூடாது. 78 தட்டின் தடம் ஏறத்தாழ மூன்று மடங்கு அகலமானது. மெல்லிய ஊசி அடியில் விழுந்து தூசியைத்தான் வாசிக்கும்.

விழுந்தால் உடையும் என்பதைத் தவிர, அரக்குத் தட்டு நெடுங்காலம் நிற்கக்கூடியது. 1948இல் கொலம்பியா நிறுவனம் எல்பியைக் கொண்டுவந்த பிறகு பரவிய வினைலும் அப்படியே. நிமிர்த்தி வைத்து, சூடு படாமல் பார்த்துக்கொண்டால் நம் பேரப்பிள்ளைகள் காலத்திலும் ஓடும். 1977இல் வொயேஜர் விண்கலங்களில் பூமியின் ஒலியை அனுப்ப முடிவுசெய்தபோது நாசா தேர்ந்ததும் தட்டைத்தான்: தங்கமுலாம் பூசிய செப்புத் தட்டு, நிமிடத்துக்கு 16⅔ சுற்று. அதில் ரொறன்ரோவில் பிறந்து வாழ்ந்த பியானோ மேதை கிளென் கூல்ட் வாசித்த பாக் இருக்கிறது. கேசர்பாய் கேர்கரின் இந்துஸ்தானிப் பாட்டும் இருக்கிறது. 55 மொழிகளில் வாழ்த்து உண்டு. தெலுங்கும் கன்னடமும் சிங்களமும் உள்ள அந்த வரிசையில் தமிழ் இல்லை என்பது எனக்கு இன்றும் உறுத்துகிற செய்தி.

வடிவத்தில் எழுதிய ஒலிக்கு இன்னொரு நன்மையும் உண்டு: அதைத் தொடாமலே வாசிக்கலாம். கலிபோர்னியாவின் லோரன்ஸ் பேர்க்லி ஆய்வுகூடத்தில் கார்ல் ஹேபரும் அவருடைய குழுவினரும் தடத்தை நுண்ணோக்கியால் படமெடுத்து, படத்திலிருந்து கணினியால் ஒலியை மீட்கும் முறையை உருவாக்கினார்கள். பிளந்த தட்டும் அதில் பாடும். 1860இல் பிரான்சில் ஸ்கொட் த மார்ட்டின்வில் என்பவர் புகை படிந்த தாளில் கீறிய ஒலிக்கோடு 2008இல் முதன்முறையாகக் கேட்கப்பட்டது இதே வழியில்தான். அதைக் கீறியபோது திரும்பக் கேட்கலாம் என்ற எண்ணமே அவருக்கு இருக்கவில்லை.

நாடாவுக்கு வருவோம். இங்கே ஒலிக்குக் கண்ணுக்குத் தெரியும் வடிவமே இல்லை. மெல்லிய பொலியெஸ்ரர் பட்டை. அதன்மேல் ஒட்டுப்பசையில் குழைத்துப் பூசிய இரும்பு ஒட்சைட்டுத் துகள்கள், ஒவ்வொன்றும் ஒரு மைக்ரோனுக்கும் சிறியது. பதிவு செய்யும் ஹெட், மின்னோட்டத்துக்கு ஏற்ப இத்துகள்களின் காந்தத் திசையை மாற்றி வைக்கிறது. பாட்டு என்பது அந்தத் திசைகளின் வரிசை.

பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் வெளியிட்ட கசெற், இதை அச்சமூட்டும் அளவுக்குச் சுருக்கியது. நாடாவின் அகலம் 4 மில்லிமீற்றருக்கும் குறைவு. வேகம் நொடிக்கு 4.76 சென்ரிமீற்றர். எல்பியின் விளிம்பில் 50 சென்ரிமீற்றரில் எழுதப்படுவது இங்கே அதில் பத்தில் ஒரு பங்கு இடத்தில் எழுதப்படுகிறது. 10,000 ஹேர்ட்ஸ் அதிர்வு ஒன்று நாடாவில் பிடிக்கும் நீளம் ஐந்து மைக்ரோனைத் தொடாது. 90 நிமிடக் கசெற்றின் நாடா 130 மீற்றர் அளவு நீளம். தடிப்பு 12 மைக்ரோன். 120 நிமிடக் கசெற்றில் தடிப்பு 9 மைக்ரோனுக்கு இறங்கிவிடும். காசு மிச்சம் பிடிக்க நம்மவர்கள் விரும்பி வாங்கிய 120 நிமிடக் கசெற்றுகள்தான் இன்று முதலில் இழுபட்டுச் சிக்குகின்றன. மெல்லிய நாடாவில் இன்னொரு தொல்லையும் உண்டு. சுற்றி வைத்திருக்கும்போது ஓர் அடுக்கின் காந்தம் அடுத்த அடுக்கில் இலேசாகப் பதியும். பாட்டுத் தொடங்குமுன்பே அதன் நிழல் கேட்பது அதனால்தான்.

எங்கள் பெட்டிகளில் இருக்கும் செல்வத்துக்கு ஓர் எடுத்துக்காட்டுச் சொன்னால் போதும்: தவில் மேதை யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தி. 1933இல் பிறந்து 1975இல் மறைந்தார். தமிழ்நாட்டின் பெரிய நாதஸ்வர வித்துவான்கள் அவர் கைக்காகக் காத்திருந்தார்கள் என்பது இசை உலகம் அறிந்தது. அம்ஷன் குமார் அவரைப் பற்றி ஆவணப்படமே எடுத்திருக்கிறார். வணிக வெளியீடாக வந்த அவருடைய பதிவுகள் மிகக் குறைவு. கோயில் வீதியிலும் கல்யாண வீட்டிலும் இரசிகர்கள் ரேப் ரெக்கோடரை வைத்துப் பிடித்தவைதான் படிக்குப் படி மாறி இன்று சுற்றிவருகின்றன. ஒவ்வொரு முறை படியெடுக்கும்போதும் இரைச்சல் கூடும், மேல் அதிர்வெண்கள் தேயும். எங்கோ ஒரு வீட்டில் முதல் நாடா இருந்தால் அதன் மதிப்பு எந்த எல்பியையும் தாண்டும்.

அத்தகைய பதிவுகளைக் கேட்பவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். தவிலில் அடி விழுந்ததும் நாதஸ்வரம் ஒரு கணம் அமுங்கி, பிறகு மெல்ல மேலே வரும். வித்துவான் அப்படி வாசிக்கவில்லை. கையடக்க ரெக்கோடர்களில் ஒலியளவைத் தானாகச் சரிசெய்யும் சுற்று ஒன்று இருக்கும். திடீரென்று பலத்த ஒலி வந்தால் அது எல்லாவற்றையும் சேர்த்துக் குறைத்துவிட்டு, பின்னர் ஆறுதலாகத் திரும்ப ஏற்றும். அடங்கிய இடங்களில் கூட்டத்தின் பேச்சு பெரிதாகக் கேட்பதும் இதே சுற்றின் வேலை. இது தெரிந்தால் கணினியில் ஓரளவு திருத்தலாம். ஆனால் திருத்தாத மூலக் கோப்பை எப்போதும் தனியே வைத்திருக்க வேண்டும். நாளை இதைவிட நல்ல முறை வரும்.

நாடா தன் பிறப்பிடத்தையும் சொல்லும். இலங்கையின் மின்சாரம் நொடிக்கு 50 முறை திசைமாறுவது. கனடாவினது 60 முறை. சுவரிலிருந்து மின்சாரம் எடுத்துப் பதிந்த நாடாவில் அந்த மின்சாரத்தின் மெல்லிய முரலல் பாட்டுக்கு அடியில் இருக்கும். கணினியில் அலைப்படத்தைத் திறந்து பார்த்தால் 50இல் ஒரு கோடு நின்றால் அது ஊரில் பதிந்தது, 60இல் நின்றால் இங்கே பதிந்தது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். அதே கோடு வேகத்தையும் அளந்து தரும். ஊர் நாடாவில் அது 53இல் நின்றால், பாட்டு 6 விழுக்காடு வேகமாக, அதாவது ஏறத்தாழ அரைக் கட்டை கூடுதலாக ஒலிக்கிறது என்று பொருள். கோட்டை 50க்கு இறக்கினால் பாடகரின் உண்மையான சுருதி கிடைக்கும். ஊரிலிருந்து பழைய ரெக்கோட் பிளேயரைக் கொண்டுவந்து இங்கே வோல்ற்றேஜை மட்டும் மாற்றி ஓட்டியவர்கள் எல்லாப் பாட்டும் ஒன்றரைக் கட்டை ஏறிக் கேட்கிறதே என்று திகைப்பதும் இதனால்தான். மின்சாரத்தின் அதிர்வெண்ணைப் பின்பற்றிச் சுற்றும் மோட்டார் 33⅓க்குப் பதில் 40 சுற்றுச் சுற்றுகிறது. கல்யாண வீடியோக்களுக்கு இதைவிடப் பெரிய தடை. நாடாக் காலத்தில் இலங்கையின் காணொளி முறை பால் (PAL), கனடாவின் முறை என்ரிஎஸ்சி (NTSC). ஒன்றின் நாடா மற்றதன் சாதாரணக் கருவியில் ஓடாது.

பற்றறியில் பதிந்த நாடாவில் இந்த முரலல் இருக்காது. 1990இன் பின் சில ஆண்டுகள் யாழ்ப்பாணத்தில் மின்சாரமே இருக்கவில்லை, பற்றறிக்கும் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலியும் கசெற்றும் கேட்ட காலம் அது. சுற்றும் கை களைத்தால் பாட்டும் களைத்து இழுபடும். அக்காலத்துப் பதிவுகளுக்கு வேகத்தை மீட்க வேறு தடயம் தேவை. நாடாவில் பதிவு நேர்த்தியாக விழுவதற்காகக் காதுக்குக் கேளாத மிக உயர்ந்த அதிர்வெண் ஒன்றையும் ஒலியோடு கலந்து அனுப்புவார்கள். 1940இல் ஜெர்மனியில் நாடாப் பதிவுக்குப் பயன்படுத்தத் தொடங்கிய நுட்பம் இது. அதன் எச்சம் நாடாவில் கிடந்தால், சிறப்பு ஹெட்டுகளால் அதைப் பிடித்து, நொடிக்கு நொடி வேகம் எப்படித் தளம்பியது என்று அளந்து நேராக்க முடியும். செலவு பிடித்த வேலை. பெரிய ஆவணக்காப்பகங்களே செய்கின்றன.

இனி அழிவு. காந்தம் தானாக மறைந்துவிடும் என்று பலர் அஞ்சுகிறார்கள். காந்தம் உறுதியானது, தோற்பது பசை. துகள்களைப் பட்டையோடு பிடித்து வைத்திருக்கும் பொலியூரித்தேன் பசை காற்றின் ஈரத்தை உறிஞ்சி, நீராற்பகுப்பால் சங்கிலி அறுந்து பிசுபிசுக்கிறது. 1970களிலும் 80களிலும் ஸ்ரூடியோக்கள் வாங்கிய பெரிய சுருள் நாடாக்கள் சில இதற்குப் பேர்போனவை. ஓடவிட்டால் ஹெட்டில் பழுப்புச் சேறு அப்பும், நாடா கீச்சிட்டு நிற்கும். 54 பாகை செல்சியஸ் அளவில் எட்டு மணி நேரமோ அதற்கு மேலோ மெதுவாகச் சூடாக்கி ஈரத்தை வெளியேற்றினால், சில வாரங்களுக்கு அது ஓடும். அதற்குள் படியெடுத்துவிட வேண்டும். இந்தச் சிகிச்சையை யாரும் வீட்டு அடுப்பில், அதிலும் கசெற்றுக்கு, செய்யக் கூடாது. கசெற்றின் பசை பெரும்பாலும் வேறு வகை. சூடு அதன் பிளாஸ்ரிக் கூட்டைத்தான் வளைக்கும்.

கசெற் சாவது சிறிய காரணங்களால். நாடாவை ஹெட்டோடு அழுத்தும் கம்பளித் துண்டின் பசை காய்ந்து, அது உதிர்ந்துவிடும். ஒலி மங்கி ஏறி இறங்கும். நாடா அழிந்துவிட்டது என்று நினைத்துக் குப்பையில் போடுகிறார்கள். திருகாணி உள்ள வேறொரு கூட்டுக்கு நாடாவை மாற்றினால் அதே பதிவு தெளிவாகக் கேட்கும்.

ரொறன்ரோவின் பேஸ்மன்ற் இவற்றுக்கு மிகக் கெட்ட இடம். கோடையில் அங்கே ஈரம் ஏறி, நாடாவின் ஓரத்தில் வெண்பூஞ்சணம் பிடிக்கும். பனிக்காலத்தில் ஹீற்றர் காற்றை வறட்டிவிடும். வறண்ட காற்றில் வினைலில் நிலைமின்னேற்றம் சேர்ந்து தூசியை இழுக்கும். 2013 ஜூலை 8 அன்று பியர்சன் விமான நிலையத்தில் 126 மில்லிமீற்றர் மழை பதிவானது. நகரெங்கும் நிலவறைகளுக்குள் வெள்ளம் புகுந்தது. அன்று நனைந்து வீசப்பட்ட பெட்டிகளில் என்னென்ன இருந்தனவோ. மேல்மாடி அறையின் உள்சுவரை ஒட்டிய அலுமாரி போதும்: 20 பாகைக்கு மேல் போகாத வெப்பம், 30 முதல் 40 விழுக்காடு ஈரப்பதம், கசெற்றுகள் நிமிர்ந்த நிலையில்.

நாடாவைக் காப்பாற்றினாலும் ஓட்டக் கருவி வேண்டும். அவுஸ்திரேலியாவின் தேசியத் திரைப்பட, ஒலி ஆவணக்காப்பகம் 2025ஐக் கெடுவாக வைத்து எச்சரித்தது. நாடாக்கள் அன்று செத்துவிடும் என்பதல்ல அதன் கருத்து. நல்ல இயந்திரங்களும் உதிரிப் பாகங்களும் அவற்றைத் திருத்தத் தெரிந்த கைகளும் அதற்குள் அருகிவிடும் என்பது. யுனெஸ்கோவும் 2019இல் உலகெங்கும் இதே கவலையை எழுப்பியது. அந்தக் கெடு வந்தே விட்டது. தட்டுக்கு நேர்ந்தது இதற்கு நேரெதிர். புதிய வினைல் அச்சு இயந்திரங்களை ரொறன்ரோவிலேயே வைரில் என்ற நிறுவனம் செய்து உலகுக்கு விற்கிறது. கசெற்றுக்கு இன்று புதிதாக வருபவை பெரும்பாலும் மலிவான பொம்மைக் கருவிகள். 1980களின் நல்ல டெக் ஒன்றைத் தேடி, அதன் றப்பர் பட்டியை மாற்றிப் பயன்படுத்துவதே மேல்.

படியெடுப்பவர் செய்ய வேண்டிய முதல் வேலை ஹெட்டின் சாய்வைத் திருத்துவது. மோனோ கசெற்றின் தடம் 1.5 மில்லிமீற்றர் அகலம். 10,000 ஹேர்ட்ஸ் அலையின் நீளம் ஐந்து மைக்ரோனுக்கும் குறைவு என்று பார்த்தோம். பதிந்த ஹெட்டுக்கும் ஓட்டும் ஹெட்டுக்கும் இடையில் ஐந்தில் ஒரு பாகை சாய்வு வேறுபாடு இருந்தாலே, தடத்தின் மேல் ஓரமும் கீழ் ஓரமும் ஓர் அலை முழுதாக விலகி, தடத்தின் அகலம் முழுதும் சேரும்போது அந்த ஒலி தன்னைத்தானே அழித்துவிடும். தவிலின் கூர்மை போய் முட்டிச் சத்தம் மிஞ்சும். ஹெட்டின் பக்கத்தில் உள்ள திருகாணியை, காதைத் தீட்டிக்கொண்டு, ஒவ்வொரு கசெற்றுக்கும் தனித்தனியாகத் திருப்ப வேண்டும். பதிந்த ரெக்கோடர் ஒவ்வொன்றின் சாய்வும் வெவ்வேறு. கடைகள் பெட்டி பெட்டியாகப் படியெடுக்கும்போது விடுவது இந்த ஒரு வேலையைத்தான், இழப்பதும் இதில்தான். 24 பிட், 96 கிலோஹேர்ட்ஸ், சுருக்காத கோப்பு என்பது ஆவணக்காப்பாளர்களின் அளவுகோல். எம்பி3 கேட்பதற்கு மட்டும்.

எதை முதலில் எடுப்பது? திரைப்படப் பாட்டுக் கசெற்றுகளைக் கடைசிக்குத் தள்ளலாம். அவற்றின் தட்டுகள் சென்னையிலும் கொழும்பிலும் பத்திரமாக இருக்கின்றன. இலங்கை வானொலியின் இசைத்தட்டு நூலகமும், வி.ஏ.கே. ரங்காராவ் போன்றவர்களின் பெரும் சேகரிப்புகளும் அந்தக் கவலையைக் குறைத்துவிட்டன. ஏ.ஈ. மனோகரன், நித்தி கனகரத்தினம் காலத்து ஈழத்துப் பொப் தட்டுகள் அதற்கு முன். அவற்றுக்கும் முன், கையெழுத்தில் பெயர் எழுதிய அல்லது எதுவும் எழுதாத வீட்டுப் பதிவுகள். எடுத்த கோப்பை வைப்பதற்கு இடம் உண்டு: 2005இல் தொடங்கிய நூலக நிறுவனம் ஆவணகம் என்ற பெயரில் ஒலி, ஒளி ஆவணங்களையும் சேர்த்து வருகிறது.

பெயர் எழுதாத கசெற்றில் பேசுவது யார், வாசிப்பது எந்தக் கோயில், எந்த ஆண்டுத் திருவிழா என்று எந்தக் கருவியாலும் கண்டுபிடிக்க முடியாது. முரலல் நாட்டைச் சொல்லும், ஆளைச் சொல்லாது. குரலைக் கேட்டதும் அது இன்னார் என்று சொல்லக்கூடியவர்களுக்கு இப்போது எழுபது, எண்பது வயது. ஆகவே நாடாவைப் படியெடுக்கும் நாளில் அவர்களையும் அருகே உட்காரவைத்து, இன்னொரு ஒலிவாங்கியை அவர்கள் முன் வைத்து, கேட்கக் கேட்க அவர்கள் சொல்வதை இரண்டாவது கோப்பாகப் பதிந்து, இரண்டையும் ஒரே இலக்கத்தில் சேர்த்தே வைக்க வேண்டும்.